சோளத் தட்டைக்கு என்ன விலை? மாட்டுக்காகவும் பயிர் ரகங்களை உருவாக்கும் அறிவியல்

காலையில் நீங்கள் குடித்த காபியில் இருந்த பால் மாட்டிடமிருந்து வந்தது. அந்த மாடு எதைத் தின்றது? பெரும்பாலும், நாம் தானியத்தை எடுத்துக்கொண்ட பிறகு களத்தில் மிஞ்சியதை. நெல் வைக்கோல், கோதுமை வைக்கோல், சோளத் தட்டை, கம்பந்தட்டை.

2023-24ல் இந்தியாவின் பால் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். உலகில் முதலிடம். ஆனால் நாட்டின் சாகுபடிப் பரப்பில் தீவனத்துக்கென்றே பயிரிடுவது 4 சதவீதம் அளவுக்குத்தான். அந்தப் பரப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாகக் கூடவும் இல்லை. ஆக, நம் பால் பொருளாதாரத்தின் பெரும் சுமையைத் தாங்குவது தானியப் பயிரின் தண்டும் இலையும். அந்தத் தண்டும் இலையும் எப்படி இருக்க வேண்டும் என்று பயிர் விஞ்ஞானிகள் முறையாக யோசிக்கத் தொடங்கியது ரொம்ப தாமதமாகத்தான்.

பற்றாக்குறை எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தின் 'விஷன் 2050' ஆவணம் பசுந்தீவனத்தில் 35.6%, உலர்தீவனத்தில் சுமார் 11% பற்றாக்குறை என்றது. 2019ல் ஜான்சியிலிருந்தே வந்த மறுமதிப்பீடு பசுந்தீவனத்தில் 11.24%, உலர்தீவனத்தில் 23.4% என்கிறது. கிட்டத்தட்ட தலைகீழ்! சில ஆண்டுகளில் மாடுகளின் பசி இப்படி மாறிவிடாது. மாறியது கணக்கிடும் முறை. அதனால் அடுத்த முறை செய்தியில் 'தீவனப் பற்றாக்குறை இத்தனை சதவீதம்' என்று பார்த்தால், எந்த ஆண்டுக் கணக்கு என்று கேளுங்கள். பற்றாக்குறை இருக்கிறது என்பதில் மட்டும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன.

விவசாயி ஏன் பழைய ரகத்தை விடவில்லை?

இந்தியாவின் முதல் கலப்பினச் சோளமான சிஎஸ்எச்-1 வெளியானது 1964ல். குட்டைப் பயிர், அதிக தானியம். மழைக்காலப் பருவத்தில் கலப்பினங்கள் நன்றாகவே பரவின. ஆனால் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பக்கம், மழைக்குப் பிந்தைய ராபி பருவத்தில், விவசாயிகள் 'மால்தண்டி' என்ற எம் 35-1 ரகத்தை விடவே இல்லை. அது 1930களில் உள்ளூர்ச் சோளத்திலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். இன்றும் அங்கே பயிராகிறது.

இதைப் 'பழமைவாதம்' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் விவசாயியின் கணக்கு வேறு. மால்தண்டியின் தானியம் ரொட்டிக்கு ருசி, தட்டை மாட்டுக்கு நல்லது. வறட்சி வருஷத்தில் தானியம் கைவிட்டாலும் தட்டை காசாகும். ஆராய்ச்சி நிலையத்தின் தராசில் தானியம் மட்டும்தான் ஏறியது. விவசாயியின் தராசில் இரண்டும்.

ஐதராபாத் சந்தை சொன்ன சேதி

தட்டையின் தரத்துக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா? இதற்கு நல்ல ஆதாரம் ஐதராபாத்தில் கிடைத்தது. நகரத்துப் பால் பண்ணைகளுக்குச் சோளத் தட்டை விற்கும் வியாபாரிகளிடம் 2004-05ல் மாதிரிகள் வாங்கி ஆய்வு செய்தார்கள். மாடு செரிக்கக்கூடிய பங்கு மட்டமான தட்டையில் 47%, உயர்ந்த தட்டையில் 52%. வித்தியாசம் ஐந்தே புள்ளிகள். விலை வித்தியாசமோ சுமார் 25%.

வியாபாரிகளிடம் ஆய்வகம் கிடையாது. நிறம், தண்டின் மென்மை, இலையின் அளவு என்று கண்ணாலும் கையாலும் பார்த்தே தரம் பிரித்திருக்கிறார்கள். ஆய்வகம் அளந்ததும் சந்தை தந்த விலையும் பெருமளவு பொருந்தின. செரிக்கும் தன்மை ஒரு புள்ளி கூடினால் பால், இறைச்சி, உழவுத் திறன் 6 முதல் 8% கூடலாம் என்று 1999ல் வந்த ஒரு மதிப்பீடும் உண்டு. அது முன்கூட்டிய கணிப்பு, வயலில் அளந்த பலன் அல்ல. ஆனாலும் வியாபாரி கூடுதல் விலை கொடுப்பது ஏன் என்பது புரிகிறது.

அப்போ தானியத்தைக் குறைத்தால்தான் நல்ல தட்டையா?

இந்தப் பயம்தான் பல காலம் தடையாக இருந்தது. ஐதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட்டும், சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து பல சோள, கம்பு ரகங்களை ஒப்பிட்டபோது, தானிய விளைச்சலுக்கும் தட்டையின் செரிக்கும் தன்மைக்கும் வலுவான எதிர்த்தொடர்பு இல்லை என்று தெரிந்தது. அதாவது இரண்டையும் ஒரே பயிரில் எதிர்பார்க்கலாம்.

அடுத்த சிக்கல், ஆயிரக்கணக்கான செடிகளின் தட்டையை எப்படிச் சோதிப்பது? மாட்டின் இரைப்பைத் திரவத்தை எடுத்துக் குழாயில் தட்டையோடு கலந்து காத்திருப்பது பழைய முறை. செலவும் நேரமும் அதிகம். இப்போது அரைத்த தட்டையின் மீது அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்தே புரதத்தையும் செரிக்கும் தன்மையையும் கணிக்கிறார்கள். சில நிமிட வேலை.

சில குணங்களில் மட்டும் பேரம் பேசித்தான் ஆகவேண்டும். இலையின் நடு நரம்பு பழுப்பாக இருக்கும் ஒரு வகைச் சோளத்தில் லிக்னின் குறைவு. செடியை விறைப்பாக நிறுத்தும் பொருள்தான் லிக்னின். மாட்டின் வயிற்றில் செரிக்காமல் முரண்டு பிடிப்பதும் அதுதான். குறைத்தால் மாட்டுக்கு லாபம், ஆனால் காற்றடித்தால் பயிர் சாயும், விளைச்சலும் குறையக்கூடும். இலைகள் கடைசி வரை பச்சையாகவே நிற்கும் குணம் இதைவிட நல்ல பேரம்: வறட்சியையும் தாங்கும், தட்டையின் தரமும் உயரும்.

இளஞ்சோளத்தின் விஷம் தனிக் கதை. முளைத்த சில வாரங்களில், அதுவும் தண்ணீர் இல்லாமல் வாடியபோது, சோளத்தில் சயனைடு உண்டாக்கும் பொருள் அதிகம். மேய்ந்த மாடு சீக்கிரமே மூச்சுத் திணறி இறந்துவிடலாம். அதனால் தீவனச் சோளத்தில் இந்தப் பொருள் குறைவாக இருப்பதும் ஒரு முக்கியத் தேர்வு அளவுகோல். கோவையின் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சூடான் புல்லோடு கலந்து உருவாக்கி 2001ல் வெளியிட்ட கோ (எஃப்எஸ்) 29, பலமுறை அறுக்கக்கூடிய ரகம். முறையாகப் பார்த்துக்கொண்டால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 160 முதல் 170 டன் பசுந்தீவனம். அதைக் காமா கதிருக்கு உட்படுத்திப் பெற்றதுதான் கோ 31. ரகம் நல்லதாக இருந்தும் விதை கிடைப்பது கஷ்டம். தீவனப் பயிரைப் பூக்கும் பருவத்திலேயே அறுத்துவிடுகிறோம், விதை எங்கிருந்து வரும்?

மக்காச்சோளத்தில் ஏன் இது நடக்கவில்லை?

இந்திய மக்காச்சோளத்தின் பெரும்பகுதி தீவனத்துக்கு, முக்கியமாகக் கோழிக்குப் போகிறது. நாமக்கல் முட்டையின் விலை மக்காச்சோள விலையோடு ஏறி இறங்குவது இதனால்தான். சாதாரண மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போதாது. 'ஒபேக்-2' என்ற மரபணு அதைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கும் என்று அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1964லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மணி மாவு போல மிருதுவாக இருந்ததால் பூச்சி அரித்தது. அதைக் கெட்டிப்படுத்திய சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வியேகாஸும் 2000ல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். இந்தியாவில் கர்னாலிலிருந்து எச்க்யூபிஎம்-1 என்ற கலப்பினம் 2005ல் வந்தது.

அறிவியல் முடிந்துவிட்டது. ஆனால் வயலில் பெரிதாகப் பரவவில்லை. காரணம், சோளத் தட்டையைப் போல இதைப் பார்த்தும் தொட்டும் தரம் பிரிக்க முடியாது. மண்டியில் எல்லா மக்காச்சோளமும் ஒரே மஞ்சள், ஈரப்பதம் பார்த்து ஒரே விலை. போதாததற்கு, பக்கத்து வயலின் சாதாரண மகரந்தம் விழுந்தால் அந்த மணியில் லைசின் குணம் போய்விடும். தீவன ஆலைகளுக்கும் அவசரமில்லை. செயற்கை லைசினை வாங்கிக் கலந்துகொள்கின்றன.

கடந்த சில ஆண்டுகளில் எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளச் சந்தைக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குத் தேவை ஸ்டார்ச் மட்டுமே. ஸ்டார்ச்சை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகத் திரும்பி வருகிறது. அதிலும் லைசின் குறைவுதான்.