ஓட் செல்: கத்திக்கு அடங்காத கட்டி

பேர் என்னவோ சாதுவான பேர்தான். மைக்ராஸ்கோப்ல ஓட்ஸ் தானியம் மாதிரி தெரிஞ்சதால 'ஓட் செல்'. இப்போ 'ஸ்மால் செல்' நுரையீரல் புற்றுநோய். பெரும்பாலும் சிகரெட் கொண்டுவர்ற வியாதி.

நெஞ்சு நடுவுல வர்ற தனிக் கட்டின்னு நினைச்சிட்டிருந்ததை, நுரையீரல்ல கிளம்புறதுதான்னு 1926ல காட்டினவர் இங்கிலாந்தின் பர்னார்ட்.

சரி, கட்டின்னா வெட்டி எடுத்துட வேண்டியதுதானே? பிரிட்டன்ல 144 நோயாளிகளைப் பாதிப் பாதியா பிரிச்சு, ஒரு பக்கம் அறுவை, மறுபக்கம் கதிர்வீச்சுன்னு பார்த்தாங்க. 1973ல பத்து வருஷக் கணக்கு வந்தது. ஜெயிச்சது கதிர்வீச்சு, அதுவும் கொஞ்சூண்டு. காரணம், கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் உடம்பு பூரா விதை தூவியிருக்கும்.

1980கள்ல சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் ஜோடி வந்தது. கட்டி மளமளன்னு கரையும். சில மாசத்துல திரும்பி வரும், அப்போ மருந்துக்கு மசியாது. அடுத்த நகர்வு 2018ல். நல்லா பரவினவங்களுக்கு அடிசோலிசுமாப் சேர்த்ததும், பாதிப் பேர் தாண்டின காலம் 10.3 மாசத்துலேர்ந்து 12.3 ஆச்சு.

முப்பது வருஷத்துக்கு ரெண்டு மாசமான்னு சிரிக்காதீங்க. ஒரு பேரன் பிறக்க அது போதும். 2024ல, பரவாத நிலைக்காரங்களுக்கு டுர்வாலுமாப் அதே கணக்கை 33.4லேர்ந்து 55.9 மாசமாக்கியிருக்கு. கத்தி தோத்த இடத்துல, உடம்போட சொந்தக் காவல்காரங்க ஜெயிக்க ஆரம்பிச்சிருக்காங்க.