ஆறு பென்சும் வயலின் ஓரமும்



வயலை அறுக்கிறவன் அதன் ஓரங்களை எளியவனுக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது அந்தப் பிரமாணத்தின் பேரிலேயே. போவாசின் இரக்கம் அவளுக்கு ஆறுதலாயிருந்தது உண்மை. ஆயினும் அவளுடைய பங்கு அவன் இரக்கங்கொள்ளுமுன்னே நியமிக்கப்பட்டிருந்தது. இந்த வாரம் அந்த வயலோரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வரலாற்றைச் சிந்திப்போம். அது ஸ்காட்லாந்தின் ஒரு கிராமப் போதகரிடம் தொடங்கி, இருநூறு ஆண்டுகள் கடந்து, பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வரை செல்லுகிறது.

ஹென்றி டங்கன் 1774-ல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். வாலிபத்தில் லிவர்பூல் நகரில் ஒரு வங்கியில் மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தார். பின்பு அந்த வேலையைத் துறந்து இறையியல் கற்று, 1799-ல் டம்ஃப்ரீஸ் அருகேயுள்ள ரத்வெல் என்னும் ஏழைக் கிராமத்துத் திருச்சபைக்குப் போதகரானார். அக்காலத்து ஸ்காட்லாந்தில் ஏழைகளைத் தாங்கும் பொறுப்பு திருச்சபையினுடையது. ஆலய வாசலில் சேரும் காணிக்கையிலிருந்தே விதவைக்கும் நோயாளிக்கும் உதவி செல்லும். நெப்போலியனோடு நடந்த நெடிய யுத்தத்தின் காலம் அது. தானிய விலை உயர்ந்திருந்தது. டங்கன் லிவர்பூலிலிருந்த தம் சகோதரர்களின் வழியாகத் தானியம் தருவித்து மக்களுக்குக் கொடுத்தார். கிராமத்தில் தளர்ந்துகிடந்த பரஸ்பர உதவிச் சங்கத்துக்கும் உயிரூட்டினார்.

எனினும் ஒரு காரியம் அவர் உள்ளத்தை உறுத்தியது. கூலியாள் நல்ல நாளில் சம்பாதிப்பதில் சிறிது மிஞ்சினாலும் அதை வைக்க இடமில்லை. அந்நாளைய வங்கிகளில் கணக்குத் தொடங்க 10 பவுண்டு வேண்டியிருந்தது. பண்ணைக் கூலியாளுக்கு அது பல மாதத்து ஊதியம். மெத்தைக்கடியில் வைத்த பணம் களவு போகும். இல்லையேல் கரைந்து போகும். பிறகு நோய் வரும், முதுமை வரும். அவன் ஆலய வாசலில் கையேந்தி நிற்பான். காணிக்கையைக் கொடுத்துக்கொண்டே இருப்பது மாத்திரம் போதகரின் கடமையோ என்று டங்கன் சிந்தித்தார்.

1810-ல் சங்கத்தின் சிறு குடிலொன்றில் அவர் ஒரு சேமிப்பு வங்கியைத் திறந்தார். ஆறு பென்சு இருந்தால் கணக்குத் தொடங்கலாம். ஒரு பவுண்டுக்கு 240 பென்சு. ஆகவே ஆறு பென்சு என்பது பவுண்டில் நாற்பதில் ஒரு பங்கு. பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று திறவுகோல்களும் மூவரிடத்தில் இருந்தன. மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. சேர்ந்த பணம் டம்ஃப்ரீஸிலிருந்த பெரிய வங்கியொன்றில் 5 சதவீத வட்டிக்கு வைக்கப்பட்டது. உறுப்பினருக்கு 4 சதவீதம் கிடைத்தது. எஞ்சியதிலிருந்து நெடுநாள் சேமித்தவர்களுக்குக் கூடுதல் வட்டியும், வறியவர்களுக்கான அறநிதியும் உண்டாயின. பிரியமானவர்களே, இதைக் கவனியுங்கள். தொடக்க நாளிலேயே அந்த வங்கிக்கு ஒரு வயலோரம் இருந்தது.

முதல் ஆண்டில் சேர்ந்தது 151 பவுண்டு. நான்கு ஆண்டுகளில் அது ஏறத்தாழ 1,000 பவுண்டாயிற்று. டங்கனின் விதிகள் கடுமையற்றவை என்று சொல்ல முடியாது. ஓராண்டில் நான்கு ஷில்லிங்காவது செலுத்தாதவருக்கு ஒரு ஷில்லிங் தண்டம். கணக்குத் தொடங்க வருகிறவரின் நடத்தையும் விசாரிக்கப்பட்டது. இன்று நாம் அவ்வாறு செய்யமாட்டோம், செய்யவும் கூடாது. ஆயினும் ஏழையும் சேமிக்கக் கூடியவன், அவனுடைய சிறு காசுக்கும் பூட்டும் கணக்கும் வட்டியும் உரியவை என்று அவர் நம்பினார். இரண்டு காசு போட்ட விதவையை நம் ஆண்டவர் கண்டு மதித்த கண்களை அவரிடத்தில் காண்கிறோம்.

1815-ல் டங்கன் இதைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். 1816-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் பாஸ்டனிலும் இத்தகைய சேமிப்பு நிறுவனங்கள் எழுந்தன. 1817-ல் இங்கிலாந்துக்கும், 1819-ல் ஸ்காட்லாந்துக்கும் பாராளுமன்றம் சட்டங்கள் இயற்றியது. இவை அறங்காவலர் சேமிப்பு வங்கிகள் எனப்பட்டன. இவற்றுக்குப் பங்குதாரர் கிடையாது. நிர்வகித்த அறங்காவலர்கள் அவற்றிலிருந்து லாபம் எடுக்கவும் கூடாது. வங்கி யாருக்காக என்ற கேள்விக்கு, சேமிக்கிறவர்களுக்காக என்ற ஒரே பதில்தான் இருந்தது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நடந்தது. பின்பு சிறு வங்கிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு டி.எஸ்.பி. என்ற பெரிய வங்கியாயின. 1986-ல் அது பங்குச்சந்தைக்கு வந்தபோது ஒரு கடினமான கேள்வி எழுந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த உபரிச் செல்வம் யாருக்குச் சொந்தம்? சேமித்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் போட்ட பணமும் அதன் வட்டியும் அவர்களுடையவை. உபரியில் அவர்களுக்கு உரிமையில்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நற்செயல் நடந்தது. அறத்தில் பிறந்த வங்கி அதன் பிறப்பை மறவாதிருக்க நான்கு அறக்கட்டளைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று ஸ்காட்லாந்துக்கானது. வங்கியின் வரிக்கு முந்தைய லாபத்தில் 1 சதவீதம் இந்நான்குக்கும் பகிரப்பட வேண்டும் என்று எழுதி முத்திரையிட்டார்கள். 1995-ல் டி.எஸ்.பி. லாயிட்ஸ் வங்கியோடு இணைந்த பின்னும் இந்த உடன்படிக்கை தொடர்ந்தது. ஸ்காட்லாந்து அறக்கட்டளை ஊர்தோறும் உள்ள சிறு தொண்டு அமைப்புகளுக்கு உதவியது. பெற்றோரின் போதைப் பழக்கத்தால் துன்புறும் பிள்ளைகளுக்காக 2001 முதல் அரசோடு சேர்ந்து ஒரு தனித் திட்டத்தையும் நடத்தியது. சிறு அமைப்புகளுக்கு அளித்த மானியத்துக்கு ஹென்றி டங்கனின் பெயரையே சூட்டியது.

2009-ல் லாயிட்ஸ், வீழ்ந்துகொண்டிருந்த வேறொரு பெரிய வங்கியை அதன் சொத்து மதிப்பிலும் குறைந்த விலைக்கு வாங்கியது. புதிய கணக்கியல் விதிப்படி அந்த வித்தியாசம், 1,100 கோடி பவுண்டுக்கும் மேலானது, அவ்வாண்டுக் கணக்கில் லாபமாகக் காட்டப்பட்டது. அதை நீக்கினால் அந்த ஆண்டு வங்கிக்குப் பெரும் நஷ்டம். காட்டிய லாபத்தின்படி தனக்கு 35,43,333 பவுண்டு உரியது என்றது ஸ்காட்லாந்து அறக்கட்டளை. கைக்கு வராத லாபம் லாபமல்ல. குறைந்தபட்சத் தொகையாகிய 38,920 பவுண்டு மட்டுமே உரியது என்றது வங்கி. கீழ் நீதிமன்றம் வங்கியின் பக்கமும், மேல்முறையீட்டு நீதிமன்றம் அறக்கட்டளையின் பக்கமும் நின்றன. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உடன்படிக்கை எழுதப்பட்ட நாளில் இத்தகைய தொகையை எவரும் லாபமென்று எண்ணியிருக்கமாட்டார் என்பதே அதன் காரணம். ஏற்கெனவே 2010-ல் வங்கி, ஒன்பது ஆண்டு முன்னறிவிப்புக் கொடுத்து உடன்படிக்கையையே முடித்துக்கொள்ளத் தீர்மானித்திருந்தது.

வங்கியை நாம் எளிதில் பழித்துவிடலாகாது. தீர்ப்பில் நியாயம் உண்டு. அந்த ஆண்டில் வங்கியின் களஞ்சியம் உண்மையில் நிறைந்திருக்கவில்லை. ஆயினும் 35 லட்சமோ 38 ஆயிரமோ என்ற அந்த வேற்றுமைக்குப் பின்னே எத்தனை பிள்ளைகள், எத்தனை வீடுகள் இருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. ஓரத்தின் அளவு குறையும்போது முதலில் அறிகிறவர்கள் கதிர் பொறுக்க வருகிறவர்கள்.

அந்த அறக்கட்டளை அழிந்துபோகவில்லை. 2017-ல் கொரா அறக்கட்டளை என்று பெயர் மாற்றிக்கொண்டு, வேறு வழிகளிலும் நிதி திரட்டித் தன் பணியைத் தொடர்ந்தது. ரத்வெல்லின் குடில் பின்னாளில் ஓர் அருங்காட்சியகமாயிற்று.

பிரியமானவர்களே, இதிலிருந்து இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்வோம். எளியவரின் பங்கை நம் மனநிலைக்கு விட்டுவிடாமல் எழுதிவைப்பது நல்லது. மனம் மாறும்; எழுத்து சில தலைமுறைகளேனும் காக்கும். அந்த ஒரு சதவீதம் எழுதப்பட்டிராவிட்டால் வழக்காட ஏதும் இருந்திராது. ஆனால் எழுத்து மட்டும் போதாது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற நினைவு மங்கும்போது, எழுத்து வெறும் சொற்களாகி, வழக்கறிஞரின் கைக்குப் போய்விடுகிறது. அந்த லாபத்தின் வேரில் கூலியாட்களின் ஆறு பென்சுகள் இருந்தன. ஏழைகளுக்குச் சென்றது வங்கியின் தயவு மாத்திரமல்ல. அவர்களுடைய முன்னோரின் சேமிப்பும்கூட.

நம் திருச்சபைகளின் உதவி நிதியையும் அப்படியே பார்ப்போமாக. காணிக்கைத் தட்டில் செல்வந்தரின் நோட்டு மட்டுமல்ல, கூலி வேலை செய்யும் தாயின் பத்து ரூபாயும் விழுகிறது. அதிலிருந்து ஒருவருக்குக் கொடுக்கும்போது, நம்முடையதைக் கொடுக்கிறோம் என்று எண்ணவேண்டாம். நாம் உக்கிராணக்காரர் மாத்திரமே. உங்கள் சபையின் வரவுசெலவில் எளியவருக்கென்று எழுதப்பட்ட வரி உண்டா என்று அடுத்த கூட்டத்தில் தாழ்மையோடு கேளுங்கள். உங்கள் வீட்டு வரவுசெலவிலும் அதைத் தேடுங்கள்.

நம் வயல்களின் ஓரத்தைக் காக்க கர்த்தர் நமக்கு நினைவும் நேர்மையும் அருள்வாராக. ஆமென்.