நாஷ்வில்லின் மேடையும் திரையும்

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி 1971இல் ‘ஹீ ஹா’ என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை நிறுத்தியது. பார்வையாளர் குறைந்ததால் அல்ல. விளம்பரதாரர்கள் நகரத்து இளைஞர்களையே நாடினார்கள் என்பதால். கிராமத்து இசையை விரும்பிய லட்சக்கணக்கானவர்களுக்கு அப்போது சொந்தமாக ஓர் அலைவரிசை இல்லை. கேபிள் தொலைக்காட்சி பரவியபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது.

1983 மார்ச் மாதம், ஓரிரு நாள் இடைவெளியில், டென்னசி மாநிலத்தில் இரண்டு அலைவரிசைகள் பிறந்தன. ஒன்று, ஹெண்டர்சன்வில் நகரில் க்ளென் டேனியல்ஸ் தொடங்கிய சி.எம்.டி.வி. இசை அலைவரிசையான எம்.டி.வி.யின் ஆட்சேபத்தால் அதன் பெயர் விரைவிலேயே சி.எம்.டி. என்று சுருங்கியது. கன்ட்ரி பாடல்களின் வீடியோக்களை ஒளிபரப்புவதே அதன் பணி.

மற்றொன்று தி நாஷ்வில் நெட்வொர்க் என்ற டி.என்.என். 1925 முதல் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் ஒலித்துவரும் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற மேடை இசை நிகழ்ச்சி நடைபெறும், நாஷ்வில் நகரின் ஆப்ரிலேண்ட் வளாகமே அதன் பிறப்பிடம். பாடகர்கள் வந்து போகும் இடத்திலேயே படப்பிடிப்புக் கூடமும் இருந்தது. ரால்ஃப் எமரி பத்தாண்டுகள் நடத்திய ‘நாஷ்வில் நவ்’ நிகழ்ச்சியில் மூத்த கலைஞரும் புதுமுகமும் ஒரே இரவில் பாடிப் பேசினார்கள். 1985 முதல் ஆப்ரி மேடையே சனிக்கிழமைதோறும் அரைமணி நேரம் திரையேறியது. வீடியோ எடுக்க வசதியில்லாத பழைய பாடகர்களுக்கும் இங்கே இடம் கிடைத்தது. டி.என்.என்.னின் தனிப்பெருமை இதுவே.

ஆப்ரிலேண்டுக்கும் டி.என்.என்.னுக்கும் உரிமையாளரான கேலார்டு நிறுவனம், கூட்டாளியுடன் சேர்ந்து 1991இல் சி.எம்.டி.யையும் வாங்கியது. அதே ஆண்டு, குடும்ப வன்முறையைக் காட்டிய, பாடகர் கார்த் ப்ரூக்ஸின் ‘தி தண்டர் ரோல்ஸ்’ வீடியோவை இரு அலைவரிசைகளும் தடைசெய்தன. 1995 டிசம்பர் 31இல் உதயமான கிரேட் அமெரிக்கன் கன்ட்ரி என்ற அலைவரிசை, அந்த வீடியோவையே தன் முதல் பாடலாக ஒளிபரப்பியது.

திருப்பம் 1997இல் வந்தது. டி.என்.என்., சி.எம்.டி. இரண்டையும் சுமார் 155 கோடி டாலர் மதிப்பில் சி.பி.எஸ்.ஸின் தாய் நிறுவனம் வாங்கியது. ஆப்ரியும் டபிள்யூ.எஸ்.எம்.மும் கேலார்டிடமே தங்கின. மேடை ஒருவர் கையில், திரை வேறொருவர் கையில் என்றாயிற்று. சி.பி.எஸ்.ஸை வயகாம் நிறுவனம் இணைத்துக்கொண்டபின், 2000இல் டி.என்.என். ‘தி நேஷனல் நெட்வொர்க்’ ஆகி மல்யுத்தத்தை முன்னிறுத்தியது. 2003இல் ஆண்களுக்கான ‘ஸ்பைக் டி.வி.’ ஆனது. 2018இல் ‘பாரமவுண்ட் நெட்வொர்க்’ ஆனது. கிரேட் அமெரிக்கன் கன்ட்ரியும் 2021இல் ‘ஜி.ஏ.சி. ஃபேமிலி’ ஆகி, குடும்பப் படங்களுக்கு மாறியது. சி.எம்.டி. மட்டும் பெயரைக் காத்தது. 2002இல் தொடங்கிய ‘க்ராஸ்ரோட்ஸ்’ நிகழ்ச்சி வழியே கன்ட்ரி கலைஞர்களையும் பிற இசைக் கலைஞர்களையும் ஒரே மேடையில் பாடவைத்த பெருமையும் அதற்கு உண்டு. ஆயினும் அங்கும் பாடல்களின் நேரத்தைத் தொடர்களும் ரியாலிட்டி நிகழ்ச்சிகளும் எடுத்துக்கொண்டன.

இந்தப் பெயர் மாற்றங்களை ரசனை மாற்றம் என்று மட்டும் கொள்வது சரியல்ல. கலைஞர்களோடு அன்றாடம் பழகியவர்கள் நடத்தியவரை, டி.என்.என்.னுக்கு இசை ஒரு கடமையாக இருந்தது. கைமாறியபின் அது பல சரக்குகளில் ஒன்றானது. சொந்தத் திரையை இழந்த ஆப்ரியோ, 2025இல் நூற்றாண்டு கண்டது. கலைக்காக அலைவரிசை தொடங்குவோர் உரிமைப் பத்திரம் எழுதும்போதே, மேடையின் பொறுப்பாளர்களுக்கும் அதில் பங்கு வைக்க வேண்டும்.