காய்க்குப் பெயர் வந்தபோது

வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதப் படம் வாங்குவோர் புதுமை தேடுவதில்லை. இரவு கண்விழிக்க அது வேண்டும், அவ்வளவே. தாயக்கட்டை சொன்னபடி காய் ஏறும், பாம்பு கடித்தால் இறங்கும். மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) புதிய பலகையாட்டங்கள் பலவற்றை வகுத்தபோதும் காய்க்கென ஒரு குரல் வரவில்லை.

அது வந்தது 1974இல், அமெரிக்காவில். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகிப் பேசியே ஆடினர். விதிநூல்களோ படித்தால் தலைசுற்றும். ஆயினும் முதற்பதிப்பின் 1000 பெட்டிகள் ஏறத்தாழ ஓராண்டில் விற்றன. அவர்கள் வாங்கியது வேறொருவராகப் பேசும் உரிமை என்பேன்.

பெங்களூரில் நான் காணும் மேசைகளில் அப்பேச்சு ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. தமிழில் ஓர் ஆட்டம் வந்தால், திருடன் காவலனை 'நீ' என்பானா 'நீர்' என்பானா என்று பார்த்தே நான் வாங்குவேன்.