ஓட்டமும் பணயமும்

தமிழில் ‘பந்தயம்’ என்னும் சொல் குதிரைகளின் ஓட்டத்தையும் குறிக்கும்; அவ்வோட்டத்தின் மீது கட்டப்படும் பணத்தையும் குறிக்கும். அரபு மொழி இவற்றைத் தனித்தனிச் சொற்களால் வழங்குகிறது. முந்துவதற்காக ஓடுதல் ‘ஸிபாக்’ எனப்படும். சூதாகிவிட்ட பணயம் ‘கிமார்’ எனப்படும். இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்தால் என்ன நேரும் என்பதை அரபு மக்கள் குருதி சிந்தியே கற்றனர்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தது அது. அப்ஸ் குலத்துக் கைஸ் இப்னு ஸுஹைரின் குதிரை ‘தாஹிஸ்’. துப்யான் குலத்து ஹுதைஃபா இப்னு பத்ரின் குதிரை ‘கப்ரா’. இரு தலைவர்களும் ஒட்டகங்களைப் பணயமாக வைத்து அவற்றை ஓடவிட்டனர். தாஹிஸ் முந்தி வருகையில், வழியில் பதுங்கியிருந்த ஹுதைஃபாவின் ஆட்கள் அதனை மறித்து விலக்கினர். பணயம் யாருக்கு உரியது என்ற வழக்கு கொலையாயிற்று, கொலை போராயிற்று. உறவினரான இரு குலங்களும் 40 ஆண்டுகள் பொருதின என்பது அரபு மரபு. இறுதியில் ஹரிம் இப்னு ஸினான், ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்னும் இரு பெருமக்கள், கொலையுண்டோருக்கான ஈட்டைத் தாமே ஏற்றுக்கொண்டு சமாதானம் செய்தனர். அவ்விருவரையும் போற்றியே கவிஞர் ஸுஹைர் தம் முஅல்லகாவை யாத்தார்.

இத்தகைய நினைவுகள் ஆறாதிருந்த நாட்டில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரை ஓட்டத்தைத் தடுக்கவில்லை; அதற்கு ஒழுங்கு வகுத்தார்கள். மதீனாவில் குதிரைகளை இரு வகையாகப் பிரித்தார்கள். பயிற்றப்பட்டவை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஏறத்தாழ ஆறு மைல் ஓடின. பயிற்றப்படாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் மட்டுமே ஓடின. இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். பயிற்றும் முறைக்கு ‘தள்மீர்’ என்று பெயர். முதலில் நன்கு தீனியிட்டுக் கொழுக்கச் செய்வர். பின்னர் தீனியைக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கவிட்டு, தசை இறுகச் செய்வர். பயிற்சியற்ற விலங்கின் மீது அதன் ஆற்றலுக்கு மிஞ்சிய தொலைவைச் சுமத்தலாகாது என்னும் நீதி, இந்த இரு எல்லைகளிலும் விளங்குகிறது.

பணயத்தைப் பற்றி ஷாபிஈ, ஹனஃபீ சட்ட அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்தனர். ஆட்சியாளரோ பிறரோ பரிசளிக்கலாம். போட்டியிடும் இருவருள் ஒருவர் மட்டும் பொருள் வைக்கலாம். இருவரும் வைத்து, வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொள்வதாயின் அது சூது. அவ்வாறு இருவரும் வைப்பதாயின், ஏதும் வைக்காத மூன்றாமவர் ஒருவர் தம் குதிரையுடன் இடையே புக வேண்டும். அவரை ‘முஹல்லில்’ என்பர். அவருடைய குதிரையும் வெல்லக்கூடிய தகுதியுடையதாய் இருத்தல் வேண்டும். பெயரளவில் ஒரு நொண்டிக் குதிரையைச் சேர்த்துச் சட்டத்தை ஏய்க்க இயலாது.

தோல்வியை ஏற்கும் பண்பையும் மதீனா கற்பித்தது. நாயகம் (ஸல்) அவர்களின் ‘அள்பா’ என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவரின் இள ஒட்டகம் அதனை முந்திற்று. தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதனையும் ஒருநாள் தாழ்த்துவது இறைவனின் நியதி என்று கூறி நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். தாஹிஸின் வழியை மறித்தவர்களுக்கு இல்லாமற் போனது இந்த உள்ளமே.

நம் நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்க 1974இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, அது சூதாட்டம் ஆகாது என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் சட்டம் திறமை உண்டா என்று கேட்டது. நம் சட்ட நூல்கள் எழுப்பும் வினா வேறு: பொருளை வைத்தவர் யார், யாருடைய இழப்பு யாருக்கு ஆதாயம் ஆகிறது? குதிரையை வளர்த்தவர் திறமையும் ஏறியவர் திறமையும் உண்மையே. வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டியவரின் கணிப்பு எத்துணைக் கூர்மையானதாயினும், அவர் பெறும் தொகை மற்றொரு வீட்டின் அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டதே.

நம் பிள்ளைகள் விளையாட்டாக, “என்ன பந்தயம்?” என்று ஒருவரையொருவர் கேட்பது வழக்கம். அப்போது அவர்களை அருகில் அமர்த்தி, தாஹிஸின் கதையையும் அள்பாவின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.