முற்றத்தில் திரைப்படம்: 1980களின் தமிழகத்தில் ‘டெக்கு’ இரவுகளும் இருக்கை ஒழுங்கும்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு முற்றத்தில் வாடகை டெக்கு வைத்து இரவு முழுவதும் திரைப்படம் பார்த்த வழக்கம் 1980களில் தமிழகத்தில் பரவியிருந்தது. திரையரங்கில் நுழைவுச்சீட்டு தீர்மானித்த இருக்கை ஒழுங்கு, முற்றத்தில் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: டெக்கு, முற்றம், கொட்டகை, நுழைவுச்சீட்டு, பார்வையாளர், சாதி, பெண்கள்.

முன்னுரை

தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகளம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையை வழங்கியது பிறப்பன்று, பணம் என்றும் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் கருதினார். தமிழ்த் திரைப்பட ஆய்வில் இக்கருத்து அடிப்படையாக எடுத்தாளப்பட்டு வருகிறது. ஆனால் அந்நூல் வெளிவந்த காலத்திலேயே திரைப்படம் அரங்கை விட்டு வீட்டு முற்றத்துக்கு நகரத் தொடங்கிவிட்டது. கூரையும் சீட்டும் இல்லாத இடத்தில் அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கு எழும் வினா.

கொட்டகையும் சீட்டும்

திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரம் அமைத்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அம்மரபின் தொடர்ச்சியான டூரிங் டாக்கீஸ்களில் தரை, பெஞ்சு, நாற்காலி எனக் கட்டணத்திற்கேற்ப வகுப்புகள் இருந்தன. பெண்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்படுவதும் உண்டு. 1939ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டமும் 1955ஆம் ஆண்டின் சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அரங்கை வரிக்கும் உரிமத்துக்கும் உட்படுத்தின. சட்டத்தின் கண்ணில் பார்வையாளர் சீட்டு வாங்கியவர். சீட்டறையில் அவரது குலம் கேட்கப்படுவதில்லை. ஊருக்குள் நிலவிய ஏற்றத்தாழ்வுகள் கொட்டகையில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எனினும் உள்ளே அமரும் உரிமை எவருடைய தயவையும் சார்ந்திருக்கவில்லை.

டெக்கு வந்த வகை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. 1976இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வி.எச்.எஸ். முறையும், 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டிப் பரவிய வண்ணத் தொலைக்காட்சியும் வீட்டுத் திரையிடலுக்கு வழி திறந்தன. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியோர் வீடியோ கேசட் ரெக்கார்டரைக் கொண்டுவந்தனர். மக்கள் வழக்கில் அது ‘டெக்கு’ ஆயிற்று.

அதனை விலைக்கு வாங்க இயலாத குடும்பங்களுக்கு வாடகைக் கடைகள் உதவின. தொலைக்காட்சிப் பெட்டி, டெக்கு, கேசட்டுகள், அவற்றை இயக்கும் ஆள் என அனைத்தும் ஓர் இரவுக்குக் கிடைத்தன. திருமணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவை இதற்கான தருணங்கள். மூன்று மணி நேரக் கேசட் ஒன்றில் முழுப்படமும் அடங்கியதால், விடிவதற்குள் இரண்டு மூன்று படங்கள் ஓடின. அறைக்குள் கூட்டம் கொள்ளாமையாலும், பகல் வெளிச்சத்தில் கண்ணாடித் திரை மங்கித் தெரிந்தமையாலும், இரவும் முற்றமும் இயல்பாகத் தேர்வாயின.

விருந்தோம்பலும் வரிசையும்

முற்றத்தில் சீட்டு இல்லை, அழைப்பு உண்டு. இம்மாற்றமே இவ்வழக்கத்தின் மையம். பெட்டி பெரும்பாலும் திண்ணையிலோ வாசலில் போட்ட மேசையிலோ வைக்கப்பட்டது. உறவினர் திண்ணையிலும், அண்டை வீட்டார் பாயிலும், அழைக்கப்படாதோர் தெருவில் நின்றும் பார்த்தனர். இடத்தை வகுத்தவர் வீட்டுக்காரர். ஊர்த்தெருவும் சேரியும் பிரிந்து கிடந்த சிற்றூர்களில் பிறர் வீட்டு வாசலுக்கு யார் வரலாம், எங்கே அமரலாம் என்பதற்கு ஏற்கெனவே விதிகள் இருந்தன. கொட்டகையில் தரைச்சீட்டு வாங்கியவருக்கு இருந்த உரிமை, முற்றத்தில் சலுகையாகச் சுருங்கியது.

ஆயின், இதே முற்றம் வேறொரு கதவைத் திறந்தது. இரவுக் காட்சிக்குத் தனியே செல்ல இயலாத பெண்களும், கொட்டகை வரை நடக்க முடியாத முதியோரும், கைக்குழந்தையுடன் இருந்தோரும் வீட்டு வாசலிலேயே விடியும்வரை படம் பார்த்தனர். சமையலுக்கும் தாலாட்டுக்கும் இடையே எழுந்து சென்று மீண்டும் வந்து அமரும் வசதி அரங்கில் இல்லாதது.

மூன்றாவது வகையும் உண்டு. ஒரு தெருவினர் பணம் திரட்டித் தம் தெருமுனையிலேயே டெக்கு வைத்தபோது, சீட்டும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. பங்கு கொடுத்தவர் அனைவரும் அழைத்தவராயினர். தீண்டாமைக்கு உள்ளான மக்கள் தம் தெருவில் இவ்வாறு திரையிடுகையில், பிறர் வாசலில் நிற்க வேண்டிய நிலை நீங்கியது.

சட்டத்தின் பார்வை

கட்டணம் பெறாத முற்றத்துத் திரையிடல், சீட்டை அடிப்படையாகக் கொண்ட பழைய வரிமுறைக்குள் அடங்கவில்லை. கட்டணம் பெற்ற வீடியோ காட்சிகளும் பெருகின. வீடியோ கேசட் ரெக்கார்டர் வழியாகத் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 1984இல் தனிச்சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் மைய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, தணிக்கைச் சான்றிதழின் படியும் தயாரித்தவரின் பெயர், முகவரியும் வீடியோ படத்தில் காட்டப்பட வேண்டும் என விதித்தது. அவ்வெழுத்துகளின் வடிவிலேயே சட்டம் முற்றத்தை எட்டியது. பாயில் யார், தெருவில் யார் என்பதை அது கேட்கவில்லை.

முடிவுரை

1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதும், கேபிள் இணைப்பு பரவியதும், 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியதும் திரையை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. பிறர் வாசலை நாடும் தேவை குறைந்தது. தெருவே கூடிப் படம் பார்க்கும் வாய்ப்பும் உடன் குறைந்தது.

சிவத்தம்பியின் கருத்தை முற்றம் பொய்யாக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது. ஒரே திரையைப் பலர் பார்த்தனர் என்பதனால் மட்டும் சமத்துவம் வந்துவிடுவதில்லை. அமரும் இடத்தை வழங்கியது சீட்டா, அழைப்பா, பங்கா என்பதே அதனை முடிவு செய்தது. தமிழ்த் திரைப்படப் பார்வையாளர் வரலாறு அரங்கோடு நின்றுவிடாமல் வாசல்களையும் தெருமுனைகளையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.