தாமரை இலை

தாமரை இலையில் காம்பு விளிம்பில் சேர்வதில்லை, அடிப்புறத்தின் நடுவே பொருந்துகிறது. நரம்புகள் அங்கிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல ஓரம் வரை ஓடும். தரைச்செடிகள் பலவற்றில் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் மிகுதி. தாமரையிலோ அவை மேற்புறத்தில் அமைந்துள்ளன. நீரில் கிடக்கும் இலைக்கு வேறு வழியும் இல்லை. காம்பை ஒடித்துப் பாருங்கள்: குழல் குழலாகக் காற்றறைகள் தெரியும், பட்டுநூல் போன்ற மெல்லிய இழைகள் நீளும். இலை வாங்கும் காற்று இக்குழல்கள் வழியே சேற்றில் புதைந்த கிழங்குவரை இறங்குகிறது.

தண்ணீர் ஒட்டாததுதான் இவ்விலையின் பெரும் அழகு. வழுவழுப்பு அதற்குக் காரணமன்று. கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின்மேல் படிந்த மெழுகுமே காரணம். துளி மேடுகளின் நுனியில் மட்டும் நிற்பதால் உருண்டோடுகிறது, போகும்போது தூசியையும் அள்ளிச்செல்கிறது. துளைகள் அடைபடாமல் இலை சுவாசிக்கிறது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் இதை விளக்கி எழுதினார்.